அர்த்தம் தெரியும், வாக்கியம் வராது: ஆங்கிலச் சொற்கள் கற்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோட்டின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். நாளுக்குப் பத்து. நானும் அப்படி இரண்டு நோட்டுகளை நிரப்பியிருக்கிறேன். படித்தால் எல்லாச் சொல்லும் புரிந்தது. பேச வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ஞாபகசக்தியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கோளாறு அந்த நடுக்கோட்டில் இருந்தது.

இந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம், அவ்வளவுதான் என்று அந்தக் கோடு நம்மை நம்ப வைக்கிறது. தமிழில் 'கேள்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வழி கேட்கிறோம், எங்கோ சத்தம் கேட்கிறது, உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது 'ஆஸ்க்', இரண்டாவது 'ஹியர்', மூன்றாவது 'லிசன்'. நோட்டில் மூன்றுக்கும் எதிரே 'கேள்' என்று எழுதிவிட்டால், ஹியர் தானாகக் காதில் விழுவது, லிசன் கவனம் வைத்துக் கேட்பது என்ற வேறுபாடு காணாமல் போய்விடும். லிசனுக்குப் பின்னால் 'டு' வரும் என்பதும் தெரியாது.

'வை' இன்னும் பொல்லாதது. புத்தகத்தை மேசை மேல் வை என்பதற்கு நம்மில் பலர் 'கீப் த புக் ஆன் த டேபிள்' என்போம். வைக்கும் செயலுக்கு 'புட்'தான் வேண்டும். 'கீப்' என்றால், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 600க்கும் மேற்பட்ட பொருள்கள் தருகிறது. பயப்பட வேண்டாம், அத்தனையும் யாருக்கும் தேவையில்லை. ஆனால் 'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்', அதாவது அவர் ஒரு பள்ளியை நடத்துகிறார் என்பதைப் படித்துவிட்டு, அகராதியின் முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் எங்கே ஓடுகிறார் என்று தேடக் கூடாது. வாக்கியத்தை முதலில் பாருங்கள். அதற்குப் பொருந்தும் அர்த்தம் வரும்வரை அகராதியில் கீழே இறங்குங்கள்.

சொல்லின் குணத்தையும் தமிழ் அர்த்தம் மறைத்துவிடும். 'நொட்டோரியஸ்' என்பதற்குப் 'பிரபலமான' என்று எழுதிவைத்தவர், பாராட்டு மடலில் ஒரு தலைவரை அப்படி அழைத்தால் என்ன ஆகும்? அது கெட்ட பெயருக்குப் பிரபலமானவர்களைச் சொல்லும் சொல்.

சரி, எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதினால் போதுமா? எப்படிப்பட்ட வாக்கியம் என்பதைப் பொறுத்தது. 'ஹி இஸ் ரிலக்டன்ட்' என்று எழுதுவது வாக்கியமே எழுதாததற்குச் சமம். அந்தச் சொல்லை மறைத்துவிட்டுப் பாருங்கள்: அந்த இடத்தில் உயரமானவர், நல்லவர், தூங்குமூஞ்சி என எதையும் போடலாம். 'ஹி வாஸ் ரிலக்டன்ட் டு லெண்ட் மீ மணி', அதாவது எனக்குக் கடன் தர அவருக்கு மனம் வரவில்லை என்று எழுதினால் தயக்கம் கண்ணில் தெரிகிறது. பின்னால் 'டு' வருவதும் தெரிகிறது. மறைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை நான் இன்றும் விடுவதில்லை.

வாக்கியங்களை நாமே கற்பனை செய்வதிலும் ஆபத்து உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் யோசித்து, 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுவோம். அங்கே 'அபவுட்' வரக் கூடாது. காற்று பலமாக அடித்தால் 'ஸ்ட்ராங் விண்ட்', மழை பலமாகப் பெய்தால் 'ஹெவி ரெயின்'. தமிழில் இரண்டுமே 'பலம்'தான். இதற்கு விதி எதுவும் இல்லை, பழக்கம்தான். ஆகவே முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் உண்மையாகப் புழங்கியதாக இருக்கட்டும். 1987இல் வந்த கோபில்ட் அகராதி, புழக்கத்தில் இருந்த எழுத்துகளையும் பேச்சையும் திரட்டி எடுத்துக்காட்டுகள் தந்தது; பொருளையே முழு வாக்கியமாகச் சொன்னது. கற்பவர்களுக்கான அகராதிகள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அப்புறம் அதே அச்சில் உங்கள் வாக்கியத்தை வார்த்தெடுங்கள்.

'பாரோ', 'லெண்ட்' போன்ற ஜோடிகளை ஒரே நாளில் படிக்காதீர்கள். எது வாங்குவது, எது கொடுப்பது என்று கடைசிவரை குழம்பும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றதைத் தொடலாம். அதேபோல், கேட்பவர் அசரவேண்டும் என்று அரிய சொற்களில் தொடங்குவதும் வீண். ஆங்கிலம் கற்பித்தலில் பெயர்பெற்ற மைக்கேல் வெஸ்ட், கற்பவர்களுக்கு மிகவும் பயன்படும் சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்ட பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி அவற்றிலேயே அடங்கிவிடுகிறது.

மறதியைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதினார்: படித்த உடனேதான் மறதி மிக வேகமாக நடக்கிறது, போகப்போகக் குறைகிறது. அதனால் மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து எனத் திரும்பப் பாருங்கள். பார்ப்பது என்றால் நோட்டைப் புரட்டுவது அல்ல. என் நோட்டில் இப்போது நடுக்கோடு கிடையாது. ஒரு பக்கத்தில் சொல் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்ட வாக்கியம். தாளைத் திருப்பினால்தான் சொல்லும் அர்த்தமும்.