முதல் வெப்குவெஸ்டை வடிவமைப்பது எப்படி?

“சுனாமி பற்றி இணையத்தில் தேடி எழுதி வாருங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் வகுப்பு முழுவதும் ஒரே விக்கிப்பீடியாப் பத்தியைக் கொண்டுவந்து நீட்டும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்ட கேள்வி அப்படி. எதைத் தேடுவது, எங்கே தேடுவது, கிடைத்ததைக் கொண்டு என்ன செய்வது என்று ஆசிரியரே முன்கூட்டி வகுத்துத் தரும் முறைக்கு வெப்குவெஸ்ட் என்று பெயர். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ் 1995இல் இதை உருவாக்கினார். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கூகுள் டாக்ஸ் பக்கம் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்றைச் சேர்ந்தே செய்வோம்.

படி 1: கேள்வி

பாதி உழைப்பு இங்கேதான். “ஆழிப்பேரலை எப்படி உருவாகிறது?” என்றால் விடை தயாராக இருக்கிறது, படியெடுத்துவிடுவார்கள். “2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பிச்சாவரம் பகுதி ஊர்களை அலையாத்திக் (மாங்குரோவ்) காடுகள் காத்தனவா?” என்று கேளுங்கள். இதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. பரங்கிப்பேட்டைப் பகுதியின் 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த கட்டுரை, காடு இருந்த இடங்களில் இழப்பு குறைவு என்றது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்துக்கொண்டு, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பகுதி வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன என்று மறுத்தார்கள். ஒரே தரவு, இரண்டு முடிவு. வகுப்புக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது.

படி 2: பணி

கட்டுரை கேட்காதீர்கள், முடிவு கேளுங்கள். பக்கத்தில் இப்படி எழுதலாம்: “நீங்கள் கடலோர ஊராட்சி ஒன்றின் ஆலோசனைக் குழு. கையிருப்புப் பணத்தை அலையாத்தி நடவுக்குச் செலவிடலாமா, மேட்டில் புகலிடம் கட்டலாமா? ஒரு பக்கத்தில் பரிந்துரை எழுதுங்கள்.”

படி 3: ஆதாரங்கள்

நீங்களே தேர்ந்தெடுத்த ஐந்தாறு இணைப்புகள் போதும். கட்டற்ற தேடலுக்கு விட்டால் ஒரு பாடவேளை யூடியூபில் கரைந்துவிடும். மேற்சொன்ன இரு கட்டுரைகளும் ஆங்கிலத்தில் உள்ளன. ஒவ்வொன்றின் சாரத்தையும் நான்கு வரித் தமிழில் எழுதி இணைப்பின் கீழே வையுங்கள். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையத்தின் தளத்தையும் சேருங்கள். காட்டை நம்புவதா, எச்சரிக்கையை நம்புவதா என்ற வாதம் தானாகவே கிளம்பும். செய்திப் படங்களை நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். கடலோரப் பள்ளியென்றால் வகுப்பிலேயே இழப்பைக் கண்ட குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள்.

படி 4: செயல்முறை

நால்வர் கொண்ட குழு. ஒருவர் முதல் கட்டுரையின் சாரம், ஒருவர் மறுப்பு, ஒருவர் முன்னெச்சரிக்கை. நான்காமவருக்கு கூகுள் எர்த்: பிச்சாவரம் பகுதியிலுள்ள எம்.ஜி.ஆர். திட்டு, முடசல்ஓடை ஆகிய ஊர்களைத் தேடி, அளவுகோல் கருவியால் கடலிலிருந்து வீடுகள் வரை கோடு இழுத்துத் தூரத்தைக் குறிக்க வேண்டும். சுட்டியை வீடுகளின் மேல் வைத்தால் திரையின் கீழே நில உயரம் தெரியும். இன்றைய படத்தில் மீள்குடியேற்ற வீடுகளும் இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இந்த வேலையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: சாட்ஜிபிடி ஒரு நொடியில் சமாதானமான பதில் தந்துவிடும், ஆனால் தானே கோடு இழுத்து அளந்த பிள்ளை அந்தப் பதிலோடு மல்லுக்கு நிற்கும்.

படி 5: மதிப்பீடு

மதிப்பெண் அட்டவணையைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுங்கள். “சான்று” என்ற வரிசையில் முழு மதிப்பெண்ணுக்கு உரிய கட்டத்தில் இப்படி இருக்கட்டும்: “தன் முடிவுக்கு எதிரான சான்றையும் எடுத்துச் சொல்லி, அதை ஏன் ஏற்கவில்லை என்று விளக்கியது.” அலங்கார எழுத்துக்கும் வண்ணப் படத்துக்கும் மதிப்பெண் வேண்டாம்.

பக்கத்தின் அறிமுகத்தையும் நிறைவுரையையும் கடைசியில் எழுதினால் போதும், தலா மூன்று வரி. பிறகு பள்ளி ஆய்வகக் கணினியிலேயே ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பாருங்கள். வீட்டில் திறக்கும் தளம் அங்கே தடுக்கப்பட்டிருக்கலாம். இணையம் அறுந்தால் கைகொடுக்க, குழுவுக்கு ஒரு படி அச்சிட்டு வையுங்கள்.