இரும்பு ஆக்சைடுகள்: வாய்பாட்டிலும் பண்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த ஆக்சைடு என்று குறிப்பிடாமல் 'இரும்பு ஆக்சைடு' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவதே முதல் தவறு. மற்றப் பிழைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன. இரும்பும் ஆக்சிஜனும் 1:1, 2:3, 3:4 என்ற அணு விகிதங்களில் சேர்ந்து முறையே ஃபெரஸ் ஆக்சைடு, ஃபெரிக் ஆக்சைடு, ஃபெரசோஃபெரிக் ஆக்சைடு ஆகிய மூன்றைத் தருகின்றன. இரண்டாவது ஹேமடைட் தாதுவாகவும் மூன்றாவது மேக்னடைட் தாதுவாகவும் இயற்கையில் கிடைக்கின்றன. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாது மேக்னடைட். அதை ஹேமடைட் என்று எழுதினால் நிறம், காந்தப்பண்பு, இரும்பின் அளவு ஆகிய மூன்றுமே தவறாகிவிடும்.

மாணவர்கள் மிகுதியாக இடறுவது 3:4 விகிதத்தில்தான். ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண்ணை −2 எனக் கொண்டால் இரும்புக்கு 8/3 என்ற பின்னம் வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது சராசரி மட்டுமே. மூன்று இரும்பு அயனிகளில் ஒன்று +2 (ஃபெரஸ்), மற்ற இரண்டும் +3 (ஃபெரிக்). இதைக் கேட்டதும் ஃபெரஸ் ஆக்சைடுத் தூளையும் ஃபெரிக் ஆக்சைடுத் தூளையும் கலந்த கலவை என்று எண்ணிவிடக் கூடாது. இரு வகை அயனிகளும் ஒரே படிகத்துக்குள் தத்தம் இடங்களில் அமைந்த தனிச் சேர்மம் இது. காற்றுப் படாமல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கரைசலை இரண்டாகப் பிரித்துச் சோதித்தால் இரண்டையும் கண்ணாலேயே காணலாம்: ஒரு பகுதியில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு சேர்த்தால் ஃபெரஸ் அயனியால் அடர்நீல வீழ்படிவு தோன்றும், மறு பகுதியில் பொட்டாசியம் தயோசயனேட் சேர்த்தால் ஃபெரிக் அயனியால் இரத்தச் சிவப்பு நிறம் தோன்றும்.

காந்தப்பண்பும் இந்த அமைப்பிலிருந்தே வருகிறது. மேக்னடைட்டில் ஃபெரிக் அயனிகளில் பாதியின் காந்தத்தன்மை ஒரு திசையிலும் மறு பாதியினது எதிர்த்திசையிலும் நின்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, எஞ்சி நிற்பது ஃபெரஸ் அயனிகளின் காந்தத்தன்மையே. ஆகவே அதனை ஃபெர்ரி காந்தப் பொருள் என்பதே சரி. எல்லா அணுக்களின் காந்தத்தன்மையும் ஒரே திசையில் நிற்கும், இரும்பைப் போன்ற ஃபெர்ரோ காந்தப் பொருள் என்று எழுதுவது பிழை. சுமார் 585 டிகிரி செல்சியஸுக்கு மேல் இப்பண்பு மறைந்துவிடும். ஃபெரிக் ஆக்சைடு காந்தத்தால் கவரப்படாது என்று பொதுவாகச் சொல்வதும் முழு உண்மை அன்று. ஹேமடைட்டுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். அதே வாய்பாடு கொண்ட காமா வடிவமோ வலுவான காந்தப்பண்பு உடையது, ஒலிநாடாக்களில் பூசப்பட்டதும் அதுவே.

நிறத்தை மட்டும் பார்த்துத் தாதுவை அடையாளம் காண்பது ஆபத்தானது. ஹேமடைட் சிவப்பு என்று மனப்பாடம் செய்தவர், அதன் பளபளக்கும் கருஞ்சாம்பல் படிகத்தைக் கண்டால் மேக்னடைட் என்றே சொல்லிவிடுவார். மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பார்க்க வேண்டும்: ஹேமடைட் செம்பழுப்புக் கோட்டையும், மேக்னடைட் கறுப்புக் கோட்டையும் விடும்.

வாய்பாட்டில் மூன்று இரும்பு அணுக்கள் இருப்பதால் மேக்னடைட்டில்தான் இரும்பு அதிகம் என்பதும் தவறான முடிவு. நிறைச் சதவீதத்தில் அது சுமார் 72.4, ஃபெரிக் ஆக்சைடு 69.9, ஃபெரஸ் ஆக்சைடோ 77.7.

துருவை வெறும் ஃபெரிக் ஆக்சைடு என எழுதுவது பரவலான வழக்கம். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாக்கும் துருவில் நீரேறிய ஃபெரிக் ஆக்சைடும் ஆக்சிஹைட்ராக்சைடும் (ஆக்சைடு, ஹைட்ராக்சைடு இரண்டும் சேர்ந்த சேர்மம்) உள்ளன. நீரின் அளவு நிலையானது அன்று என்பதால்தான் வாய்பாட்டில் அதற்கு ஒரு மாறியை இடுகிறோம். அலுமினியத்தின் ஆக்சைடுப் படலம் போல இது உலோகத்தைக் காக்காது. நுண்துளைகள் கொண்ட துரு உதிர உதிர, அடியிலுள்ள இரும்பும் அரிக்கப்படும். செஞ்சூடான இரும்பின் மீது நீராவியைச் செலுத்தும்போது கிடைப்பதோ துரு அன்று, ஹைட்ரஜனும் கறுப்பு நிற ஃபெரசோஃபெரிக் ஆக்சைடும். அச்சமன்பாட்டின் விளைபொருளாக ஃபெரிக் ஆக்சைடை எழுதுவோர் பலர்.

ஃபெரஸ் ஆக்சைடிலும் ஒரு நுட்பம் உண்டு. வாய்பாடு 1:1 என்றாலும், படிகத்தில் சில இரும்பு இடங்கள் காலியாக இருப்பதால் உண்மையான விகிதம் ஏறத்தாழ 0.95:1 தான், மின்சுமையைச் சமன்செய்யச் சில அயனிகள் +3 ஆகிவிடுகின்றன. ஃபெரஸ் ஆக்சலேட்டைச் சூடாக்கி இதைத் தயாரிக்கும்போது காற்றை அறவே விலக்க வேண்டும், இல்லையேல் குடுவையில் கறுப்புத் தூளுக்குப் பதில் செந்நிற ஃபெரிக் ஆக்சைடே எஞ்சும்.