கப்பல் கபின் கதவுக்கு மாவிலைத் தோரணம் கட்டுவது எப்படி

போன மாதம் வட்டக்கச்சியில் இருந்து ஒரு மாமி எங்கள் சோடனைக் கடைக்கு வந்தார். கனடாவில் இருக்கும் மகன் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளை உல்லாசக் கப்பலில் கொண்டாடப் போகிறானாம், அங்கே எல்லாரும் கபின் கதவைச் சோடிப்பார்களாம், ஊரில் இருந்து வடிவாக ஏதாவது கொண்டுவரச் சொன்னானாம். மாமியின் பையில் மாவிலை ஒரு கட்டு, குருத்தோலை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப் இரண்டு சுருள், மினுங்குகிற சீரியல் லைட், ஒரு பெட்டி சாம்பிராணி. கப்பல் கதவுக்குச் சரிவரக்கூடிய சாமான் அதில் ஒன்றுகூட இல்லை.

“அப்ப என்னத்தைத் தம்பி கட்டுறது? நல்ல நாள் பெருநாளில வெறுங்கதவோட இருக்கிறதே?” என்று கேட்டார்.

நான் ஆறு வருடம் கப்பல்களில் கபின் துப்புரவு வேலை செய்தவன். இப்போது பரந்தனில் மனைவியின் கடையில் மணவறை, சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று சோடனை வேலைதான். அதனால் கதவின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும், ஒட்டியவர்களையும் தெரியும், அவர்கள் ஒட்டியதைச் சுரண்டி எடுத்தவனையும் தெரியும். 2023 ஜூனில் சென்னையில் இருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்த பிறகு, எங்கள் பக்கத்துச் சனமும் கப்பல் பயணத்தைப் பற்றிக் கூடுதலாகக் கேட்கிறார்கள். மாமிக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கதவை எதற்குச் சோடிக்கிறோம் என்று யோசியுங்கள். பெரிய கப்பலில் ஒரே தளத்தில் நூற்றுக்கணக்கான கபின்கள் இருக்கும். எங்கள் ஊர் ஒழுங்கை என்றால் ஒரு வீட்டுக்கு வேப்பமரம், இன்னொன்றுக்குப் பச்சை கேற், அடுத்ததில் குரைக்கிற நாய் என்று அடையாளம் வைத்துப் போய்விடலாம், கப்பல் ஒழுங்கையில் அப்படி ஒன்றும் இல்லை, ஒரே நிறக் கம்பளம், ஒரே நிறக் கதவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சாப்பிட்டுவிட்டு வந்த பெரியவர்கள் அடுத்தவன் கதவில் திறப்பு அட்டையைச் செருகிக்கொண்டு, திறக்குதில்லையே என்று திகைத்து நிற்பதை நான் வாரத்துக்கு நாலு தரமாவது பார்த்திருப்பேன். ஆகவே சோடனையின் முதல் வேலை அம்மாவுக்குத் தன் கதவைக் காட்டுவது. பத்துப் பதினைந்து அடி தூரத்தில் இருந்தே தெரிகிற ஒரு பெரிய படம், அவருக்குப் பழகிய படமாக, நடுவில் இருக்கவேண்டும். வாழ்த்து வசனத்தை அதற்குக் கீழே சின்னதாகப் போட்டால் போதும்.

சரி, கதவுக்கு வருவோம். பெரும்பாலான கப்பல்களில் கபின் கதவு இரும்புத் தகடு. மேலே மரக்கோடு போட்ட படலம் ஒட்டியிருந்தாலும் உள்ளே இரும்புதான். ‘சோலாஸ்’ என்று கடல் பாதுகாப்புக்கு ஓர் உடன்படிக்கை இருக்கிறது, டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் முதன்முதலாக எழுதியது. அதன்படி இந்தக் கதவு தீயையும் புகையையும் கொஞ்ச நேரம் மறித்து வைக்கவேண்டிய கதவு. அதனால்தான் நாங்கள் கையை விட்டதும் தானாக மூடிக்கொள்கிறது. அதற்கு மேலால் கொக்கி மாட்டினால், அல்லது நூலைக் கதவின் மேல் விளிம்பால் உள்ளே கொண்டுபோய்க் கட்டினால், கதவு சட்டத்தில் இறுக்கமாகப் பொருந்தாது, பெயின்றும் உரியும்.

கப்பல்காரர் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்செஸ் கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. அணைக்காமல் விட்ட சிகரெட் துண்டாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். பால்கனிகளில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரைகளும் தடுப்புகளும் பற்றி எரிந்துதான் தீ மேலே மேலே ஏறியது, பயணி ஒருவர் இறந்தார். நடுக்கடலில் வீடு பற்றினால் முற்றத்துக்கு ஓட முடியாது. ஆகவே கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுதிரி, நெய்விளக்கு எதையும் சூட்கேசில் வைக்கவே வேண்டாம். பற்றறி லைட்டைக்கூடக் கதவில் தொங்கவிடப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. தீப்பிடிக்காத பொருளால் செய்த சோடனைதான் வேண்டும் என்று கேட்கிற நிறுவனங்களும் உண்டு. ரிக்கெற் எடுத்தவுடன் அந்த நிறுவனத்தின் விதியைப் பிள்ளைகளிடம் சொல்லி வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிறுவனத்தில் சரி என்பது அடுத்ததில் பிழை. உதாரணத்துக்கு டிஸ்னி கப்பல்களில் கதவில் காந்தம் வைக்கலாம், ஒட்டுகிற எதுவும் கூடாது, கதவு பழுதானால் காசு உங்கள் கணக்கில் ஏறும்.

ரேப் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஒருமுறை ஒரு குடும்பம் கதவு முழுக்க இரட்டைப்பக்க ரேப்பால் கடதாசிப் பூ ஒட்டிவிட்டு இறங்கிப் போனது. பூவை இழுத்தால் பெயின்றும் சேர்ந்து வருகிறது. அடுத்த பயணி ஏற மூன்று மணித்தியாலம் இருக்கிறது, எனக்கு இன்னும் பதினாலு கபின் கிடக்கிறது. அதைவிடக் கேடு மினுக்கத்தூள். கம்பளத்தில் கொட்டினால் எந்த மெஷினுக்கும் அது வராது.

ஆகவே காந்தம். இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், சோடனை நிற்பதும் விழுவதும் இதில்தான். ஒரு பக்கம் பசை உள்ள காந்தத் தாள் ஏ4 அளவில் கிடைக்கிறது, கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். அரை மில்லிமீற்றர் தடிப்பு ஒற்றைக் கடதாசிக்குக் காணும், லமினேற் செய்த மட்டைக்கு ஒரு மில்லிமீற்றர் வாங்குங்கள். நாலு மூலையிலும் சின்னத் துண்டு வைப்பது எல்லாரும் விடுகிற பிழை. கதவு அடிபட்டு மூடும்போது படம் மெல்ல மெல்ல வழுகிக் கீழே வந்துவிடும். மேல் விளிம்பில் முழு நீளத்துக்கும் ஒரு பட்டி, கீழே இரண்டு துண்டு என்று வையுங்கள். பசைக்கு மேல் ஸ்ரேப்ளர் கம்பி அடிக்காதீர்கள், கம்பி கதவைக் கீறும். எங்கள் வெயிலில் பசை இளகும் என்பதால் ஒட்டியதும் பாரமான புத்தகத்தை மேலே வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்து விளையாடாத பொடியன் வன்னியில் இருக்கமாட்டான், ஆனால் அந்தக் காந்தம் இதற்குச் சரிவராது, பாரம் கூட. வெள்ளிபோல மினுங்குகிற சின்னப் பொத்தான் காந்தங்கள் நல்லாகப் பிடிக்கும். அவற்றில் இரண்டு பயம் உண்டு. குழந்தை இரண்டு பொத்தானை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து நடுவில் குடலை நெரித்துவிடும், சத்திரசிகிச்சை வரை போகும். இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர்களுக்குக் கிட்டவும் அது கூடாது. பேரப்பிள்ளைகளும் அப்பப்பாவும் ஒன்றாகப் போகிற பயணத்தில் இரண்டு ஆபத்தும் ஒரே கபினில் இருக்கும், தாள் காந்தமே போதும். எந்தக் காந்தத்தையும் கபின் அட்டையோடு ஒரே பையில் போடாதீர்கள், பின்னால் கறுப்புக் கோடு உள்ள அட்டை என்றால் அழிந்துவிடக்கூடும்.

செய்து முடித்ததும் வீட்டு இரும்பு அலுமாரியில் ஒட்டிப் பாருங்கள். அலுமாரிக் கதவை இருபது தரம் அடித்து மூடுங்கள், பிறகு பானைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். விடிய எழும்பிப் பார்க்கும்போது நின்றால் கப்பலிலும் நிற்கும்.

இனி மாவிலை. பச்சை இலையைக் கொண்டுபோனால் விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ பிடுங்கிவிடுவார்கள், அவுஸ்திரேலியாப் பக்கம் என்றால் காய்ந்த ஓலையைக்கூட முன்கூட்டியே சொல்லிக் காட்டவேண்டும். அதனால் கடதாசி இலைதான், ஆனால் கடையில் விற்கிற பிளாஸ்ரிக் தோரணத்தை வாங்காமல் நீங்களே செய்யுங்கள் என்பேன், ஒரு பின்னேர வேலைதான். முற்றத்து மாமரத்தில் ஒரு சின்ன இலை பிடுங்கி, அதைப் பச்சைப் பிறிஸ்டல் மட்டையில் வைத்துக் கோடு கீறுங்கள். உண்மையான மாவிலை நீளம் கூட, கபின் கதவோ வீட்டுக் கதவைவிட ஒடுக்கம். அதனால் பத்து சென்ரிமீற்றர் நீளத்துக்கு மேல் போகாத குருத்து இலையாகப் பாருங்கள். நடு நரம்பில் ஒரு மடிப்பு மடித்துவிட்டால் உயிர் வந்துவிடும். இரண்டு பச்சை கலந்தால் இன்னும் நல்லது, முழுக்க ஒரே பச்சையில் இருந்தால் பாடசாலை விளையாட்டுப்போட்டிச் சோடனைபோல் இருக்கும். ஒன்பது அல்லது பதினொரு இலை, ஒற்றைப்படையாக. காம்பை மஞ்சள் ரிப்பனில் மடித்து ஒட்டி, இரண்டு இலைக்கு ஒரு காந்தத் துண்டை ரிப்பனின் பின்னால் வையுங்கள். இலை நுனிகள் சும்மா தொங்கட்டும், எல்லாவற்றையும் ஒட்டினால் தோரணம் செத்துப்போகும்.

குருத்தோலைத் தோரணத்தை ரிப்பனில் மடிக்க விரும்புகிறவர்கள் கவனம். மங்கல வீட்டுக்கு மடிப்பது வேறு, செத்த வீட்டுக்கு மடிப்பது வேறு. தெரியாமல் மடித்துப் பிறந்தநாள் அம்மாவின் கதவில் தொங்கவிட்டால், வெள்ளைக்காரனுக்கு விளங்காது, எதிர்க் கபினில் இருக்கிற பெரியம்மா பார்த்தவுடன் பிடித்துவிடுவார். ஊரில் தோரணம் கட்டுகிற ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நடுப்படத்துக்கு நாங்கள் அந்த மாமிக்குச் செய்தது மயில். நீலமும் பச்சையும், கழுத்து மட்டும் ஒரு அடி. பின்னால் ஒரு பனை, கீழே நெற்கதிர். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்த குடும்பம், அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு கதவுக்குப் போகமாட்டார்கள். தாமரை, நிறைகுடம், பாலைப்பழக் கொப்பு எல்லாம் வைக்கலாம். வேதக்காரர் என்றால் மடுமாதா படம் வைத்தவர்களும் உண்டு. வாசலில் கோலம் போடவேண்டும் என்ற ஆசைக்குக் கோலத்தை அச்சடித்துக் கதவின் கீழ்ப்பகுதியில் ஒட்டுங்கள், கம்பளத்தில் அரிசிமாவு தூவினால் என்னைப்போல் ஒருவன்தான் முட்டுக்காலில் நிற்பான். லமினேற் செய்யும்போது மினுங்காத தாளைக் கேளுங்கள், மினுங்குகிற தாளில் கமராவின் பிளாஷ் பட்டால் மயிலுக்குத் தலை இருக்காது.

வைக்கக்கூடாதது சிலதும் இருக்கிறது. மாமி பழத்தட்டுப் படம் கேட்டார், மா, பலா, வாழை, அன்னாசி. நான் அன்னாசியை எடுத்துவிட்டேன். உல்லாசக் கப்பல்களில் தலைகீழ் அன்னாசி என்பது தம்பதிகளை மாற்றிப் பழகுகிற ஆட்களின் அடையாளம் என்று கப்பல் ஆட்களுக்குத் தெரியும். காந்தம் ஒன்று விழுந்து பழம் தலைகீழாகத் திரும்பினால் மாமாவின் நிலைமை என்ன? இதை மாமிக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை, மனைவிதான் காதுக்குள் சொன்னார். ஸ்வஸ்திகா அச்சடித்த வாழ்த்து அட்டையும் வேண்டாம், எங்களுக்கு மங்கலமாக இருந்தாலும் நாசிகளால் பாதிக்கப்பட்ட சனத்துக்கு அது வேறு அர்த்தம், ஓம் போதும். முழுப்பெயர் எழுதாமல் ‘அம்மாவுக்கு 60’ என்று போடுங்கள். பலூன் கட்டவே வேண்டாம், வெளியே பறந்தால் கடலாமை அதைச் சொறிமுட்டை (ஜெல்லிமீன்) என்று நினைத்து விழுங்கும். பெறுமதியான எதையும் கதவில் வைக்காதீர்கள், காந்தப் பொம்மைகளைக் கழற்றிக்கொண்டு போகிற சின்னப் பிள்ளைகள் எல்லாக் கப்பலிலும் இருக்கிறார்கள், பெரிய பிள்ளைகளும்தான்.

ஏறிய அன்றே ஒட்டலாம், பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு. முதலில் ஒரு காந்தத் துண்டைக் கதவில் வைத்துப் பாருங்கள். சில கப்பல்களில் பிடிக்காது, அப்படியென்றால் கபினுக்குள்ளே சுவர் பெரும்பாலும் இரும்பாக இருக்கும், சோடனையை உள்ளே மாற்றிவிடுங்கள், வெளியே ரேப்பைத் தேடாதீர்கள். கபின் இலக்கம், பார்க்கிற ஓட்டை, அட்டை வைக்கிற பூட்டு மூன்றையும் மறைக்கக்கூடாது. கதவின் உள்பக்கம் அவசரவழி வரைபடம் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது, அந்த ஒழுங்கையால் சக்கர நாற்காலியும் துப்புரவு வண்டியும் போகவேண்டும். ஒட்டி முடித்ததும் கபின் பார்க்கிற பொடியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறக்கிறவன் அவன், விழுந்த இலையை எடுத்து ஒட்டிவிடுவதும் அவன்தான்.

கழற்றுவது கடைசி நாள் பின்னேரம். அன்று இரவே சூட்கேசை வெளியே வைக்கச் சொல்வார்கள், விடிய நேரம் இருக்காது. காந்தப் பக்கத்தோடு காந்தப் பக்கம் சேர்த்து, நடுவில் மட்டை வைத்து, பழைய பைலுக்குள் தட்டையாகப் போட்டு உடுப்புக்கு அடியில் வையுங்கள். மாமியின் மயில் அப்படித்தான் ஒரு நுனியும் மடியாமல் திரும்பி வந்தது. இப்போது வட்டக்கச்சி வீட்டில் இரும்பு அலுமாரியில் நிற்கிறதாம்.