‘பிஐஇ-யில் வந்துகொண்டிருக்கிறேன்’: கிறிஸ்தவ அப்பாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, “பிஐஇ-யில் வந்துகொண்டிருக்கிறேன் பிரதர், பத்தே நிமிஷம்” என்று கைபேசியில் சொன்னேன். பிஐஇ என்பது எங்கள் சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் ஒன்று. ஜெபக்கூட்டத்துக்கு ஏற்கெனவே தாமதம். பக்கத்தில் ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்த மகன் தலையைக்கூடத் தூக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் அம்மா போன் செய்தபோது, “பஸ்ஸில் இருக்கிறேன்மா” என்றான். இருந்தது எங்கள் புளோக்கின் கீழே, கையில் பந்தோடு. வேலை முடிந்து வந்த நான் அவனுக்குப் பின்னால்தான் மின்தூக்கிக்குக் காத்திருந்தேன்.

சின்னப் பொய்யைப் பொய்க்கணக்கிலேயே சேர்க்காமல் இருப்பதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. ஆதியாகமத்தில் ஆபிரகாம் உயிருக்குப் பயந்து, மனைவி சாராளைத் தன் சகோதரி என்று எகிப்திலும் கேராரிலும் சொன்னார். பின்னாளில் அவர் மகன் ஈசாக்கு அதே கேராரில், தன் மனைவி ரெபெக்காளைப் பற்றி அதே பொய்யைச் சொன்னார். இத்தனைக்கும் ஆபிரகாம் அப்படிச் சொன்ன நாட்களில் ஈசாக்கு பிறக்கவே இல்லை. நம் பிள்ளைகளோ பக்கத்திலேயே உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, மன்னிப்புக் கேட்காதது. நம் அப்பாக்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. கத்தித் தீர்த்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து “சாப்பிட வா” என்போம். அதுதான் நம் மன்னிப்பு. பிள்ளைக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் தான் தப்பு செய்தால் அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்கு யார் காட்டுவது? ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம். வீட்டில் அப்பா ஒருமுறைகூட அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. அன்று மின்தூக்கியில், “அந்த பிஐஇ பொய் என்னுடையதுதான், நான் சொன்னது தப்பு” என்று சொல்வதற்குள் எங்கள் மாடி வந்துவிட்டது. பாதியை நடைவழியில் நின்று சொன்னேன்.

இன்னொன்றை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அது வீட்டுப் பணிப்பெண் விஷயம். பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு நாம் பரிசு கொடுக்கிறோம். அதில் நான்காவதை, அதாவது ஓய்வுநாள் கட்டளையை, முழுவதும் படித்துப் பாருங்கள் (யாத்திராகமம் 20:10). மகன், மகளுக்கு அடுத்தபடியாக வேலைக்காரனும் வேலைக்காரியும் வருகிறார்கள். அவர்களுக்கும் ஓய்வு. ஞாயிறு காலை குடும்பமே உடுத்திக் கிளம்புகிறது. திரும்பி வரும்போது பிரியாணி தயாராக இருக்க வேண்டும் என்று சமையலறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். பிள்ளை பார்த்துக்கொண்டேதான் வருகிறது. சிங்கப்பூரில் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு 2013 முதல் சட்டம். அவள் சம்மதித்தால் காசு கொடுத்து ஈடுகட்டலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது; 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு நாளையாவது அப்படி ஈடுகட்டாமல் ஓய்வாகவே விட வேண்டும். மோசே சொன்னதைக் கேட்காத நாம் மனிதவள அமைச்சு சொன்னதால் கேட்கிறோம் என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓய்வு நாள் மட்டுமா? அவளை எந்தக் குரலில் கூப்பிடுகிறோம், அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பதையும் பிள்ளை பார்க்கிறது. “அயலானை நேசி” என்பதற்கு அதற்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான்.

சபை வேலையிலேயே மூழ்கிப்போகும் அப்பாக்களுக்குச் சாமுவேலை நினைவூட்டலாம். வருஷந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றி நியாயம் விசாரித்தவர் அவர். அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். அப்பா சுற்றியதால்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்தில் மூன்று இரவு கமிட்டி என்றால், வீட்டில் எத்தனை இரவு என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

அப்புறம் சில்லறைத் தவறுகள். ஆலயத்திலிருந்து திரும்பும் காரில் பாஸ்டரை உரித்துத் தொங்கவிடுவது. ஞாயிறும் குலுக்கல் நாள்தானே என்று வரும் வழியில் 4டி லாட்டரி வரிசையில் நின்று, “சும்மா ரெண்டு வெள்ளி” என்பது. தொடக்கநிலை ஆறு வந்ததும் ஞாயிறு பள்ளியை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்ப்பது, அந்த வருஷக் கடைசியில் வரும் பிஎஸ்எல்இ தேர்வு முடிந்தபின் “ஏன்டா சர்ச்சுக்கு வர மாட்டேங்கிற?” என்று கேட்பது.

குடும்ப ஜெபத்துக்கு வருவோம். பகல் முழுக்கப் பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசிவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத் திடீரென்று “சர்வ வல்லமையுள்ள பிதாவே” என்று இருபது நிமிடம் ஜெபித்தால், அதற்கு என்ன புரியும்? வேதத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது உயிர். ஆனால் அந்தத் தமிழுக்குள் நுழையும் வாசலை நாம்தான் பகலில் திறந்து வைக்க வேண்டும். ஜெபத்தைச் சுருக்கி, ஒரு வசனத்தைப் பேச்சுத் தமிழில் விளக்கினாலே போதும். எங்கள் வீட்டில் எபேசியர் 6:4 வாசித்த இரவு, மகள் “சிட்சைன்னா என்னப்பா, அடியா?” என்று கேட்டாள். அடி மட்டும் இல்லை, திருத்துவது, பழக்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் விரல் அதே வசனத்தின் முன்பாதியில் நின்றது, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பவுல் தகப்பன்களுக்குச் சொல்லும் இடத்தில். “இது உங்களுக்காப்பா?” என்றாள். ஆமாம் என்றேன். நாலு வருஷமாக அந்த வசனத்தின் பின்பாதியை மட்டும்தான் அவளுக்கு எடுத்துச் சொல்லியிருந்தேன்.