சென்னை–லண்டன்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

"காலையில அஞ்சரைக்குக் கிளம்பி பதினொரு மணிக்கெல்லாம் லண்டன்னு போட்டிருக்கே, அஞ்சரை மணி நேரம்தானா சார்?" டிக்கெட் போடும் வேலையில் இருக்கும் எனக்குப் பழகிப்போன கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளையைப் பார்க்க முதல் தடவை விமானம் ஏறும் தாத்தா பாட்டிகள்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் சென்னைக் கணக்கு, இறங்கும் நேரம் லண்டன் கணக்கு. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதையும் கூட்டுங்கள், 11 மணி நேரம் வரும். திரும்பும்போது கழிக்க வேண்டும்: மதியம் 2 மணிக்கு ஏறி மறுநாள் காலை 5.45-க்குச் சென்னையில் இறங்கினால், பார்வைக்குப் பதினைந்தே முக்கால். ஐந்தரை போக, பத்தேகால்தான். முள் வைத்த கைக்கடிகாரம் இருந்தால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இங்கே பகல் 12 என்றால் 6.30 போலத் தெரியும். குளிர்கால லண்டன் நேரம் அதேதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மட்டும் இந்த வித்தை பலிக்காது. அப்போது வித்தியாசம் நாலரை மணி.

தூரத்துக்குச் சுவரில் தொங்கும் உலகப்படம் உதவாது. பிள்ளைகளின் பூகோள உருண்டையை எடுங்கள். சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அதே நீளத்தை நிலநடுக்கோட்டின் மேல் பூஜ்யத்திலிருந்து வையுங்கள். 74 பாகை பக்கம் போய் நிற்கும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 8,200.

பெரிய விமானங்கள் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகும். வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணிக்குக் குறையாமல் சேருங்கள். அப்புறம் ஏன் 11? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, லண்டன் போகும்போது எதிரே நிற்கும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதுபோக, நூல் காட்டிய வழியில் விமானம் போக முடிவதில்லை. அந்த நூல் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடல் வழியாக உக்ரைனைத் தொடும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தானும் கதவைச் சாத்தியது. எனவே பழைய டிக்கெட்டைப் பார்த்து நேரம் சொல்லாதீர்கள்.

துபாய் மாறிப் போனால் ரொம்பச் சுற்று என்பார்கள். கிலோமீட்டரில் அப்படி இல்லை. சென்னை–துபாய் சுமார் 2,900, துபாய்–லண்டன் சுமார் 5,500. நேர்வழியைவிட 200 சொச்சம்தான் கூடுதல். நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான். அங்கே ஆறு மணி நேரம் என்று போட்டிருந்தால், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் நேர் விமானத்தையே சொல்வேன், கொஞ்சம் விலை கூடினாலும் சரி.

அழைத்துப் போக வரும் மகனிடம் டிக்கெட்டில் உள்ள நேரத்தை அப்படியே சொல்லாதீர்கள். இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வருவது என்று ஒரு மணி நேரமாவது கூட்டிச் சொல்லுங்கள். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் வண்டி நிறுத்தக் காசு அதிகம்.