அடையாள அட்டை இலக்கம் பதியும்போது

திருகோணமலையில் முகாமைத்துவ உதவியாளராக வேலை பார்க்கும் தம்பி, தங்கைமாருக்கு: பயனாளிகள் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு தடவை வந்தால், அநேகமாக ஒன்றில் பழைய அடையாள அட்டை இலக்கம், மற்றதில் புதியது இருக்கும். பழையதை மாற்றுவது சுலபம். கடைசி எழுத்தை நீக்குங்கள், முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பிறகு ஒரு 0 சேருங்கள். 12 எண்கள் வந்துவிடும்.

பிறந்த திகதியையும் அதிலேயே சரிபார்க்கலாம். பழைய இலக்கம் 85561 என்று தொடங்கினால் 1985இல் பிறந்த பெண். 561இல் 500ஐக் கழித்தால் 61ஆவது நாள், அதாவது மார்ச் 1. ஆண்களுக்குக் கழிக்கத் தேவையில்லை. எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ண வேண்டும். ஒரு நாள் பிசகுவது இங்கேதான்.

திகதி ஒத்துவராவிட்டால், ஆள் முன்னால் நிற்கும்போதே அட்டையை வாங்கிப் பாருங்கள். வெருகலில் இருந்து பஸ் ஏறி வந்த அம்மாவை ஒரு எண்ணுக்காகத் திரும்ப அலையவிடுவது பாவம்.

எக்செலில் பதிவதென்றால் அந்த நிரலை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 12 எண்களும் சுருங்கித் தெரியும்.