மத்தளச் சத்தம் தொலையாத மாற்று அவுட்புட் ட்ரான்ஸ்போமர்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கேற்றுப் பிணைச்சல்கூட இரண்டு வருடம் தாங்காது. இந்த உப்புக் காற்றில் அம்மப்பாவின் வால்வு ரேடியோ உயிர்விட்டது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் ட்ரான்ஸ்போமரால்தான். அதன் முதன்மைச் சுருள், அதாவது வால்வுப் பக்கச் சுருள், தலைமயிர் போன்ற செப்புக் கம்பி. ஈரம் புகுந்து, 250 வோல்ட்டும் ஏறி நின்றால், கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும். அதே ட்ரான்ஸ்போமரைத் தேடி அலைந்து களைத்த பிறகு மாற்று ஒன்று பொருத்தினேன். முறை இதுதான்.

படி 1: உண்மையில் அறுந்துவிட்டதா?

பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே மின்னைத் தேக்கி வைத்திருக்கும் பில்டர் கபாசிட்டரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வெறுமையாக்கி, மீற்றரால் பார்த்த பிறகே கை வையுங்கள். முதன்மைச் சுருள் பொதுவாக 200 முதல் 500 ஓம் காட்டும். முள் அசையவில்லை என்றால் அறுந்துவிட்டது. அந்த நிலையில் ரேடியோவைப் போட்டுப் பார்க்காதீர்கள். வால்வின் அனோட்டுக்கு (வெளித் தகட்டுக்கு) போகாத கரண்ட் எல்லாம் ஸ்கிரீன் கிரிட் என்ற உள் கம்பி வலையில் பாயும், அது சிவந்து எரியும். நான் அதை அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல வால்வு போனது.

படி 2: வால்வு என்ன கேட்கிறது?

ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு ஒவ்வொன்றும் தன் முன்னால் குறிப்பிட்ட ஓம் இருக்க வேண்டும் என்று கேட்கும். ஒற்றை வால்வாக, 250 வோல்ட்டில் ஓடும்போது: ஈஎல்84க்கு 5.2 கிலோ ஓம், 6வி6க்கு 5, ஈசிஎல்86க்கு 7. இருபது வீதம் கூடினாலும் குறைந்தாலும் கவலை வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கரே சுருதிக்குச் சுருதி தன் ஓமை மாற்றிக்கொண்டுதான் இருக்கும்.

படி 3: விகிதத்தை அளப்பது

ட்ரான்ஸ்போமருக்கென்று சொந்த ஓம் கிடையாது. அதற்கு இருப்பது சுற்று விகிதம் மட்டும். அந்த விகிதத்தை அதாலேயே பெருக்கி, பிறகு ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கினால் வால்வுக்குத் தெரியும் ஓம் வரும்.

சாதாரண 230 வோல்ட் பவர் ட்ரான்ஸ்போமர் ஒன்றை எடுங்கள். 4, 5 வாட் ரேடியோவுக்கு 20 முதல் 30 விஏ (வோல்ட் அம்பியர்) அளவாவது வேண்டும். அதன் 230 வோல்ட் பக்கத்துக்கு 12 வோல்ட் ஏசி மட்டும் கொடுத்து, மறுபக்கத்தை அளவுங்கள். தலைகீழாகக் கொடுத்துவிடாதீர்கள், நூற்றுக்கணக்கான வோல்ட் கிளம்பும். 0.47 வோல்ட் வந்தால் விகிதம் 25.5. அதன் வர்க்கம் 650, எட்டால் பெருக்க 5200. ஈஎல்84க்கு அச்சொட்டு.

இங்கே ஒரு சுழி உண்டு. மேலே ஒட்டியிருக்கும் '9 வோல்ட்' என்பது சுமையோடு வரும் கணக்கு. சிறிய ட்ரான்ஸ்போமர்கள் சுமையில்லாமல் 11 வோல்ட் வரை தரும். லேபிளை நம்பினால் 5.2 கிலோ ஓம், அளந்தால் வெறும் 3.5. பல நுனி உள்ள ஒன்றில் எனக்கு 7.5 வோல்ட் நுனிதான் 0.47 காட்டியது. கோயில் குழாய் ஸ்பீக்கருக்குள் இருக்கும் 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்போமரும் உதவும்: அதன் 2 வாட் நுனி 5 கிலோ ஓம்.

படி 4: இடைவெளி

எல்லாரும் ஓமுக்கே மாரடிப்பார்கள். நான் கெட்டது இந்தப் படியில். ஒற்றை வால்வின் 48 மில்லி அம்பியர் டிசி ஓயாமல் சுருளில் பாயும். பவர் ட்ரான்ஸ்போமரில் E, I எழுத்து வடிவ இரும்புத் தகடுகள் (ஈ, ஐ தகடுகள்) மாறி மாறிக் கோத்திருப்பதால் இரும்பு அந்த டிசியின் காந்தத்திலேயே நிறைந்துவிடும். முதல் நாள் வடமோடிக் கூத்துப் பதிவொன்றைப் போட்டேன். சல்லரி கணீரென்று கேட்டது, மத்தளத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தைக் காணவில்லை.

கழற்றி, ஈ தகடுகளை ஒரே பக்கமாகவும் ஐ தகடுகளை எதிர்ப்பக்கமாகவும் அடுக்கி, நடுவில் இடைவெளிக்காகக் கொப்பித் தாள் ஒன்றை வைத்து இறுக்கினேன். மத்தளம் திரும்பி வந்தது. அதனால் வாங்கும்போதே சட்டம் போட்டு இறுக்கியதைத் தேடுங்கள். வெல்டிங் செய்ததும் வளைய வடிவமும் இந்த வேலைக்கு ஆகாது. லைன் ட்ரான்ஸ்போமருக்கும் இதே வைத்தியம்தான்.

படி 5: பொருத்துதல்

ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓடவிடாதீர்கள், சுருளில் வோல்ட் தாறுமாறாக ஏறிப் பொறி பறக்கும். போட்டவுடன் ரேடியோ ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஒலியின் ஒரு பங்கை முன் வால்வுக்குத் திருப்பி அனுப்பும் பின்னூட்ட வயர் போகும் ரேடியோக்களில் அது சகஜம். நிறுத்தி, முதன்மைச் சுருளின் இரண்டு முனைகளையும் மாற்றிப் பற்றவைத்தால் சரி.